பெரியம்மா சடை போட்ட கயிறு

என் வயசுக்காரிகளே, உங்கள் தலையில் இப்போது எவ்வளவு முடி மிச்சம் என்று நான் கேட்கப் போவதில்லை. என் தலையைப் பார்த்தால் நீங்களே சிரிப்பீர்கள். ஒரு காலத்தில் நமக்கெல்லாம் இடுப்பைத் தொடும் சடை இருந்தது. அதைப் பின்னிவிட ஒருத்தி இருந்தாள். உங்கள் வீட்டில் அம்மாவோ அத்தையோ, எங்கள் வீட்டில் பெரியம்மா. அந்தப் பெரியம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மரமேறும் கயிற்றுக்குச் சடை போட்டாள். அதைத்தான் சொல்லப் போகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பேசத்தான் தெரியும். பேச்சு நடுவில் வேறு பக்கம் போனால் கொஞ்சம் பொறுங்கள், திரும்பி வந்துவிடுவேன்.

இலங்கை மலையில் திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் உள்ள எங்கள் லயத்தில் கடைசிக் காம்பரா பெரியப்பாவுடையது, அதற்கு முந்தியது எங்களுடையது. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் வெறும் வெளி. பெரியப்பா அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் அம்மா "நூறு வயசு" என்பாள். பெரியம்மா கருவாடு வறுத்தால் எங்கள் சோற்றுக்கும் வாசம் ஓசியில் கிடைக்கும்.

பெரியம்மாவுக்குப் பெண் பிள்ளை இல்லை. அதனால் என் தலை அவளுக்கு எழுதி வைத்த சொத்து. மலைக் குளிரில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெள்ளைக்கட்டியாக உறைந்து கிடக்கும். அதை அடுப்போரம் வைத்து உருக்கி, புகை மணக்கும் அந்த எண்ணெயை உச்சியில் வைத்துச் சப்பென்று அடிப்பாள். பிறகு வாரி இழுப்பாள் பாருங்கள், புருவம் நெற்றிக்கு ஏறிவிடும். சிவப்பு ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டே திட்டுவாள். சடை பாதி இறங்கியதும் ரிப்பனை உள்ளே வைத்து முடியோடு முடியாகப் பின்னுவாள். நுனியில் சும்மா கட்டினால் கொழுந்து பறிக்கும் மலையில் எங்காவது விழுந்துவிடுமாம். அவள் பின்னிய சடையிலிருந்து ரிப்பன் நழுவி நான் பார்த்ததில்லை. அந்த ரிப்பன் பிற்பாடு எங்கே போயிற்றோ, ஆட்டுக்குட்டி கழுத்தில் கடைசியாகப் பார்த்த ஞாபகம்.

சரி, மரத்துக்கு வருகிறேன்.

பெரியப்பாவுக்குத் தோட்டத்தில் மரம் வெட்டும் வேலை. நிழல் மரங்களின் கொப்புக் கழிப்பது, காற்றில் சாயும் மரத்தை இறக்குவது எல்லாம் அவர்தான். முந்தின வருசம் ஒரு மரத்திலிருந்து வழுக்கி விழுந்தார். தேயிலைச் செடி மேல் விழுந்ததால் உயிர் பிழைத்தார். கால் கூடி நடக்க வெகு நாளாயிற்று. அவர் நடக்க ஆரம்பித்த அன்றே பெரியம்மா அவரை மாரியம்மன் கோவிலுக்குக் கூட்டிப் போய், சூடத்தை ஏற்றி முன்னால் வைத்து, "இனிமே இடுப்புல கயிறு இல்லாம மரத்துல கால வைக்க மாட்டேன்னு அடிச்சு அணைங்க" என்றாள். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் செய்கிற சத்தியம் லேசானதில்லை என்று உங்களுக்குத் தெரியும். பெரியப்பா அடித்தார்.

அதிலிருந்து லயத்து ஆம்பிளைகளுக்கு அவர் ஒரு வேடிக்கைப் பொருளாகிவிட்டார். அந்தக் காலத்தில் மரமேறுகிறவன் வெறுங்காலும் கத்தியுமாகத்தான் ஏறுவான். மேட்டு லயத்து மாமா ஒருத்தர் இருந்தார். வாய் பெரிசு, மனசு கெட்டதில்லை. பெரட்டுக் களத்தில் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"என்னா மச்சான், ஒங்களுக்கு மரத்துல தொட்டில் கட்டணுமாமே? தாலாட்டுக்கு ஆளு வேணும்னா சொல்லுங்க, நான் வாறேன்."

"ஒங் கொரலுக்கு மரமே வேரோட ஓடிரும்டா" என்பார் பெரியப்பா. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டார். லயமே அவரைப் பயந்தவர் என்று முடிவு கட்டியிருந்தது. இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்குத் திரும்பி வந்து சோறு தின்ன வேண்டும் என்று நினைத்தவருக்குப் பெயர் பயந்தாங்கொள்ளி!

எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு தைல மரம் நின்றது. இலையைக் கசக்கி மூக்கில் வைத்தால் சளி ஓடிப்போகும். பட்டை நீளநீளமாக உரிந்து தொங்கும். உரிந்த இடம் குழந்தை கன்னம் மாதிரி வழுவழு. அதன் பெரிய கொப்பு ஒன்று பெரியப்பா காம்பராவின் தகரக் கூரைக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. மழைக்காற்று பிடிப்பதற்குள் அதை இறக்கவேண்டும் என்று மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா உத்தரவு போட்டுவிட்டார். "திங்கக்கிழமை நான் வாறப்ப கொப்பு கீழ கெடக்கணும்பா. முடியாட்டி சொல்லு, வேற ஆள ஏத்துறேன்" என்றார். வேறு ஆள் ஏறினால் அப்புறம் தோட்டத்தில் பெரியப்பா தலை நிமிர்ந்து நடக்க முடியாது. இது அவருக்கும் தெரியும், பெரியம்மாவுக்கும் தெரியும், நடுச்சுவருக்கு மேலே வெளி இருந்ததால் எனக்கும் தெரியும்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் லயமே பின்பக்கம் கூடிவிட்டது. திருவிழா மாதிரி. வறுத்த கடலையைச் சாரத்தில் முடிந்துகொண்டு வந்தவர்கள்கூட உண்டு.

பெரியப்பாவின் ஏற்பாடு இதுதான். ஆள் ஏறும் தடித்த கயிற்றை அவ்வளவு உயரத்துக்கு எறிய முடியாது. அதனால் சாக்குத் தைக்கிற மெல்லிய சணல் நூலின் நுனியில் துணியில் சுற்றிய கல்லைக் கட்டி, உச்சிக் கவட்டையைப் பார்த்து எறிவார். கல் கவட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கும். நூலின் இந்தப் பக்க நுனியில் தடித்த கயிற்றைக் கட்டிவிட்டு, அந்தப் பக்கமிருந்து நூலை இழுத்தால் கயிறும் கூடவே ஏறிக் கவட்டையைத் தாண்டி இறங்க வேண்டும். கயிறு போய்விட்டால் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு தைரியமாக ஏறலாம்.

கல்லை அவர் சுழற்றி எறிந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. விர்ரென்று போய் அழகாகக் கவட்டைக்குள் விழுந்தது. நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் கத்தின கத்தில் கோழிகள் கூரை ஏறின. தடித்த கயிற்றை நூலில் சின்னதாக ஒரு முடிச்சுப் போட்டு இழுத்தார்கள். கயிறு பாம்பு மாதிரி ஆடிக்கொண்டே ஏறியது. பாதி உயரத்தில் முடிச்சு நழுவியது. அவ்வளவு கயிறும் தொபீரென்று வந்து பெரியம்மா பாயில் காயப்போட்டிருந்த மிளகாய் மேல் விழுந்தது.

"ஏங்க, மரத்துல ஏறச் சொன்னா எம் மொளகாயில ஏறுறீங்க!" என்று அவள் கத்தினாள். எல்லாரும் தும்மினோம்.

"முடிச்சு பத்தலைங்க மச்சான், பெரிசாப் போடுங்க" என்றார் மேட்டு லயத்து மாமா.

பெரிசாகப் போட்டார்கள். இந்தத் தடவை முடிச்சு நழுவவில்லை. கவட்டை வரைக்கும் போய் அங்கே அடைத்துக்கொண்டது. இழுத்தார்கள், ஆட்டினார்கள், நூல் அறுந்தது. திரும்பக் கல், திரும்ப நூல். அந்த வழியாக வந்த கண்டாக்கு ஐயாவும் முழங்கால் வரைக்கும் காலுறையோடு நின்று பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு சுத்து சுத்துப்பா" என்று சொல்லிப் போனார். சுத்தினார்கள். என் அப்பா தன் பங்குக்கு ஒன்று சுத்தினார். ஆளாளுக்குச் சுத்தச் சுத்த முடிச்சு முதலில் கொழுக்கட்டை மாதிரி இருந்து, பிறகு குரும்பட்டி மாதிரி ஆகி, கடைசியில் ஒரு தேங்காய் மாதிரி ஆகிவிட்டது. அது கவட்டையில் போய் முட்டி, உள்ளே வர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. பொழுது சாயும் வரைக்கும் இதே கூத்துதான்.

அப்போதுதான் மேட்டு லயத்து மாமா குரலைத் தாழ்த்தினார்.

"இது முடிச்சு வேல இல்ல. மரத்துல முனி இருக்கு. அதுதான் கையில புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது."

சொன்னதும் எல்லாருக்கும் அதுதான் சரியென்று பட்டுவிட்டது. தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் படைக்கிறோம், ரோதை என்கிற பெரிய சக்கரம் சுற்றும் தொழிற்சாலையிலே ரோதை முனி இருக்கிறார், அப்படியிருக்க இவ்வளவு பெரிய மரத்தைக் கேட்காமல் தொட்டால் விடுவாரா? சுருட்டு வைத்தார்கள், பத்தி கொளுத்தினார்கள். மாமா கையைக் கூப்பி, "அப்பனே முனியாண்டி, கயித்த விட்டுரு, ஒனக்கு இந்த வீட்டுச் செவப்புச் சேவல அறுக்கிறோம்" என்று வேண்டிக்கொண்டார்.

"அது எஞ் சேவலு" என்றாள் பெரியம்மா.

"சாமிக்குங்க அக்கா."

"சாமிக்குன்னா ஒங்க வீட்டுச் சேவல வேண்டிக்கிங்க. எங்க சேவலுக்கும் முனிக்கும் ஒரு பேச்சும் இல்ல."

அன்று ராத்திரி நாங்கள் ரொட்டியும் சம்பலும் தின்றுகொண்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் குரல் கேட்டது. சத்தமே இல்லாத குரல்.

"நாளைக்குக் காலையில சும்மாவே ஏறிருறேன் புள்ள."

எங்கள் பக்கம் ரொட்டி பிட்கிற சத்தம் நின்றுவிட்டது.

"சூடம் அடிச்சது?"

"ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"ஆத்தா மன்னிச்சிரும். மரம் மன்னிக்குமா?"

அம்மா சுவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் வழக்கம் போல நான் பெரியம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன். வெளியே பனி மூட்டம் தேயிலை மேல் போர்வை மாதிரி கிடந்தது. ஒரு பக்கச் சடை முடிந்திருந்தது, மறுபக்கம் விரித்துப் போட்டபடி. அன்று அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. பெரியப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு, எங்களைத் தாண்டிப் போனார். கயிற்றை எடுக்கவில்லை. முந்தின நாள் கீழே இழுத்துப் போட்டபடியே அது வாசலில் சுருண்டு கிடந்தது.

பெரியம்மா எழுந்தாள். சீப்பு என் முடியில் குத்தி நின்றது. அவள் பல்லில் ரிப்பன். போய்ச் சேர்ந்தது மரத்தடிக்கு இல்லை, அந்தக் கயிற்றுக்கு. அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். முதல் நாள் தேங்காய் முடிச்சைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்னா இது, பேன் புடிச்ச கொண்ட மாதிரி? இத எந்தக் கவட்ட உள்ள விடும்?"

அவளுக்கு யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே கிடையாது. ஆத்திரம், அவ்வளவுதான். கைக்கு வேலை கொடுக்காவிட்டால் அவள் அழுதிருப்பாள். முடிச்சைக் கத்தியால் அறுத்துப் போட்டாள். கயிற்று நுனியைப் பிரித்தாள். உள்ளே பார்த்தால் மூன்று புரி! சடைக்கும் மூன்றுதானே. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"ஏய், ஏய், தோட்டத்துக் கயிறுடி அது!" என்று பெரியப்பா ஓடி வந்தார்.

"உக்காருங்க பேசாம."

உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொரு புரியையும் நுனி போகப் போகக் கத்தியால் சுரண்டி மெல்லிசாக்கினாள். சணல் நூலை ரிப்பன் மாதிரி நடுவில் வைத்தாள். எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவரச் சொன்னாள். நான் சீப்பு குத்தின தலையோடு ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். எண்ணெயைத் தடவித் தடவி, நூலை உள்ளே வைத்து, மூன்று புரியையும் இழுத்துப் பின்னிக்கொண்டே போனாள். கயிறு மெலிந்து மெலிந்து எலிவால் மாதிரி முடிந்து, அந்த வாலின் நுனியிலிருந்து நூல் மட்டும் வெளியே வந்தது. அதோடு விடவில்லை. பின்னல் நெடுகிலும் நூலாலேயே ஒரு சுருக்கு, கொஞ்சம் தள்ளி இன்னொரு சுருக்கு என்று தட்டையாகப் போட்டு இறுக்கினாள். இழுக்கும் பாரம் ஒரே இடத்தில் நிற்காமல் பரவிப் போவதற்கு. கடைசியாக உள்ளங்கையில் வைத்து நீவிப் பார்த்தாள். என் சடையை நீவிப் பார்ப்பது போலவேதான். கையில் ஒரு மேடு தட்டவில்லை.

"போடுங்க" என்றாள்.

இதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். மேட்டு லயத்து மாமா, "என்னா அக்கா, கயித்துக்குப் பூ வைக்கலியா?" என்றார்.

"ஒங்க வாய்க்கு ஒரு முடிச்சு போட்டுட்டு வச்சு விடுறேன்" என்றாள்.

கல் பறந்தது. கவட்டைக்குள் விழுந்தது. அப்பாவும் மாமாவும் அந்தப் பக்கமிருந்து நூலை இழுத்தார்கள். கயிற்றின் எலிவால் ஏறியது, ஏறியது, கவட்டையைத் தொட்டது. தொட்டது தெரியாமல் உள்ளே நுழைந்து, அந்தப் பக்கம் தலையை நீட்டிக் கீழே இறங்கியது. எண்ணெய் தேய்த்த சடை தோளில் வழுக்கி விழுவது போல.

லயம் முழுக்க ஒரே கூச்சல். "முனி விட்டுருச்சு! முனி விட்டுருச்சு!" என்று மாமா குதித்தார்.

"முனி புடிக்கவே இல்லையே" என்றாள் பெரியம்மா. "எஞ் சேவல யாரும் தொடாதீங்க." அந்தச் சேவல் அப்புறம் கிழடு தட்டித்தான் செத்தது. கறி வேகவே இல்லை என்று அம்மா சொன்னாள்.

பெரியப்பா கயிற்றை இடுப்பிலும் தொடையிலும் கட்டினார். மறுமுனையை ஒரு பட்ட மரக்கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி அப்பாவும் மாமாவும் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஏற ஏற இவர்கள் தளர்வை இழுத்தார்கள். பனி விலகி வெயில் எட்டிப் பார்த்தது. தைல மரத்துப் பட்டை ஈரத்தில் மினுங்கியது. பெரியம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். கை எண்ணெயை முந்தானையில் துடைக்கக்கூட மறந்துவிட்டாள்.

கொப்புக்குக் கொஞ்சம் கீழே, உரிந்த பட்டையில் கால் வைத்தார். பட்டை கழன்று வந்தது.

இரண்டு காலும் காற்றில். ஒரு நொடி அவர் விழுவது மட்டும்தான் தெரிந்தது.

பெரியம்மா கத்தினாள். ஐயோ என்றில்லை, ஆத்தா என்றில்லை. பெரியப்பாவின் பேரைக் கத்தினாள். முழுப் பேரை, ஊருக்கே கேட்கிற மாதிரி.

கயிறு விறைத்தது. மாமா மண்ணில் சறுக்கிக்கொண்டு போய்க் கட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அப்பா மல்லாந்து விழுந்தும் கையை விடவில்லை. பெரியப்பா நடுவானத்தில் தொங்கிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டம்.

தைல இலை உதிர்கிற சத்தம்கூடக் கேட்டது.

பிறகு மேலேயிருந்து அவர் குரல் வந்தது.

"யாரது, என்னயப் பேரு சொல்லிக் கூப்புட்டது?"

உங்களுக்குத் தெரியாததா? புருசன் பேரை வாயில் எடுத்தால் அவருக்கு ஆயுசு குறையும் என்று நம்பின காலம். "ஏங்க", "இந்தாங்க", அதோடு சரி. ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சர் ஐயா கேட்டால்கூடப் பெரியம்மா என் அம்மாவை முன்னே தள்ளிவிட்டுச் சொல்லச் சொல்வாள். எங்களுக்கு அவர் பெரியப்பா, மற்றவர்களுக்கு மச்சான், அண்ணன். அவருக்கு ஒரு பேர் இருக்கிறது என்பதே எனக்கு அந்த நிமிசம்தான் தெரியும். அழகான பேர்.

பெரியம்மா எண்ணெய்க் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நானில்ல" என்றாள்.

லயம் வெடித்துச் சிரித்தது. மண்ணில் கிடந்த மாமாதான் முதலில் சிரித்தார். கையை விடாமலே சிரித்தார். "அக்கா, ஆயுசு கொறையும்னாங்க, இப்பத்தானே கூடியிருக்கு! இன்னொருக்கா சொல்லுங்க, மச்சான் நூறு தாண்டட்டும்!"

பெரியப்பா ஆடி ஆடி மரத்தை எட்டிப் பிடித்து, கால் ஊன்றி, கொப்புக்குப் போய்விட்டார். கொப்பைத் துண்டு துண்டாகக் கழித்து இன்னொரு கயிற்றில் கட்டி இறக்கினார். தகரத்தில் ஒரு கீறல் விழவில்லை. மத்தியானம் வரைக்கும் வேலை நடந்தது. அவ்வளவு நேரமும் மேலேயிருந்து சும்மா சும்மா, "அடியே, தேத்தண்ணி குடிக்கணும் போல இருக்கு, யாராவது என்னயப் பேரு சொல்லிக் கூப்புட்டா எறங்கி வருவேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா முகத்தைக் காட்டாமல் காம்பராவுக்குள் புகுந்துகொண்டாள். கதவிடுக்கு வழியாக ஒரு கண் மட்டும் மரத்தைப் பார்த்தபடி இருந்ததை நான் பார்த்தேன்.

அவர் இறங்கிக் கயிற்றை அவிழ்த்தபோது மேட்டு லயத்து மாமா பக்கத்தில் வந்து, கயிற்றின் பின்னலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேலி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன. "மச்சான், வாற வாரம் ஆத்தோரத்து மரத்துக்கு நானும் கயித்தோடயே ஏறுறேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

பெரியப்பா வாசலில் வந்து நின்றார். உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியது. அவர் கோப்பையை வாங்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கோப்பை ஆடித் தேத்தண்ணி சிந்தியது.

"விடுங்க, புள்ள பாக்குது."

"பேரச் சொல்லு, விடுறேன்."

பிறகு அவள் சொன்னாள். இந்தத் தடவை மெதுவாக, கதவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எனக்கும் கேட்டது. பெரியப்பா காதுவரை சிவந்துபோய், கோப்பையை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, "நீ ஏன்டி பாதித் தலையோட நிக்கிற, போ உள்ள" என்று விரட்டினார்.